அசதிதானேன்னு விட்றாதீங்க!

பௌர்ணமி ராத்திரி 14 கிலோ மீட்டர் கிரிவலம் சுத்திட்டு ஹாஸ்டல்ல வந்து விழறீங்க. மறுநாள் உங்க ரூம்மேட்டுக்குக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி. ‘நடந்த அசதிதான், ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்’னு சொல்வீங்க. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனா, ஒரு நிமிஷம்... முகவாய் நெஞ்சைத் தொடுற மாதிரி தலையைக் குனியச் சொல்லுங்க. கழுத்து கட்டை மாதிரி விறைக்குதா? அப்படின்னா, அது வெறும் அசதி இல்லை பாஸ்!

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கிற சவ்வுல வர்ற அழற்சிதான் ‘மெனிஞ்சைடிஸ்’. மூளைக்காய்ச்சல்ல ஒரு வகை. வைரஸாலயும் வரும், காசநோய்க் கிருமியாலயும் வரும். பாக்டீரியாவால வர்றதுதான் படுமோசம். 24 மணி நேரத்துக்குள்ள உயிரையே பறிச்சிடலாம். பிழைச்சவங்கள்லயும் சிலருக்குக் காது கேட்காமப் போயிடும். காசநோய் வகை இதுக்கு நேரெதிர். லேசான காய்ச்சல், தலைவலின்னு வாரக்கணக்குல பதுங்கிப் பதுங்கி வரும்.

மெனிங்கோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா இருமல், தும்மல், எச்சில் வழியாப் பரவும். நெருக்கடியான இடம்னா அதுக்குக் கொண்டாட்டம். 2005-ல் டெல்லியில பரவி உயிர்களைப் பறிச்சது இதுதான். ஒரே ரூம்ல நாலு பேர், வாய் வெச்சுக் குடிக்க ஒரே வாட்டர் பாட்டில்... யோசிங்க!

காய்ச்சலோட இதெல்லாம் இருக்கான்னு பாருங்க:

* வெளிச்சம் பட்டா கண் கூசுறது, வாந்தி.

* உளறல், எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம், வலிப்பு.

* கை, கால் சில்லிட்டுப் போறது.

* கண்ணாடி டம்ளரை வெச்சு அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள். நம்ம தோல் நிறத்துல சட்டுன்னு தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உள்பக்கம் பாருங்க.

எல்லாம் சேர்ந்தே வரணும்னு இல்லை. கழுத்து நல்லா குனியுதேன்னு அலட்சியமும் வேண்டாம். புள்ளிகளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

சந்தேகம் வந்தா ‘விடியட்டும்’னு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. அங்கே முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கணும்னு சொன்னா, ‘கால் விளங்காமப் போயிடும்’னு வீட்டுல பயப்படுவாங்க. தண்டுவடம் முடியுற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடுவாங்கன்னு எடுத்துச் சொல்லுங்க. கூடவே தங்கியிருந்தவங்களுக்குத் தடுப்பு மாத்திரை தேவையான்னும் டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

படுத்திருக்கிறவர் ‘எனக்கு ஒண்ணுமில்லை, தூங்கவிடு’ன்னுதான் சொல்வார். கேட்காதீங்க. அந்த நேரத்துல முடிவெடுக்க வேண்டியது பக்கத்துக் கட்டில்ல இருக்கிற நீங்கதான்!