மீட்கும் கையும் படமெடுக்கும் கண்ணும்

பறவையைப் போல் வானில் பறக்கவேண்டும் என்பது மனித இனத்தின் பழங்கனவு. பறந்து சென்று பிறர் உயிரைக் காக்கவேண்டும் என்பது அதனினும் உயர்ந்த கனவு. 1938ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதை ஏடொன்றில் சூப்பர்மேன் தோன்றிய நாள்முதல், உலகெங்கும் உள்ள சிறுவர்கள் இக்கனவைத் தம் கனவாகவே ஏற்றுக்கொண்டனர். நேற்றுவரை கற்பனையாக இருந்த அக்கனவு இன்று மெல்ல மெல்ல மெய்யாகி வருகின்றது. மெய்யாகும் வேளையில் அதன் அருகே கேமராவும் வந்து நிற்கின்றது. அவ்வருகாமை நன்றா, தீதா என்பதே ஈண்டு நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய பொருளாகும்.

கனவு மெய்யான கதை

2020ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள ஏரி மாவட்டத்தின் மலைச்சரிவில் ஒரு சோதனை நடந்தது. கைகளிலும் முதுகிலும் சிறு ஜெட் பொறிகளைப் பூட்டிக்கொண்டு ரிச்சர்டு பிரௌனிங் என்பார் எழும்பிப் பறந்தார். அப்பொறியுடையை உருவாக்கியவரும் அவரே. கால்நடையாக ஏறினால் ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆகும் இடத்தை அவர் 90 வினாடிகளில் அடைந்தார். அறக்கொடையால் இயங்கும் வான்வழி மருத்துவ அமைப்பொன்று இச்சோதனையில் அவருடன் இணைந்து நின்றது. அக்காட்சிப்படம் உலகெங்கும் பரவியது. சூப்பர்மேன் வந்துவிட்டான் என்று மக்கள் மகிழ்ந்தனர்.

அப்படத்தைக் கண்டு யாமும் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியில் குற்றம் ஏதுமில்லை. ஏனெனில், அன்று மலைமேல் அடிபட்டுக் கிடந்ததாகக் காட்டப்பட்டது மெய்யான நோயாளி அன்று. அது ஓர் ஒத்திகை. எவருடைய துன்பமும் அங்கே காட்சிப்பொருளாகவில்லை. மெய்யான துன்பம் வரும்போதுதான் எம் வினாவும் எழுகின்றது.

ஜெட் பொறியுடை வருவதற்கு நெடுநாள் முன்பே, மெய்யாகப் பறந்து மலைமேல் உயிர்காத்தவர்கள் இருந்தனர். 1996ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள், நேபாள இராணுவத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் மதன் கத்ரி சேத்ரி எவரெஸ்ட் மலையில் ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்திற்குத் தம் ஹெலிகாப்டரைச் செலுத்தினார். 5,500 மீட்டர் உயரத்திலேயே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவாகிவிடும். சுழலும் இறக்கைகள் பற்றி எழும்பக் காற்றே போதாத இடம் அது. ஒரு முறைக்கு ஒருவரை மட்டுமே ஏற்ற இயலும் என்ற நிலையில், அங்கே இருவர் காத்திருந்தனர். பனியால் கைகள் உறைந்துபோன அமெரிக்கர் பெக் வெதர்ஸ், நடக்கவும் இயலாதிருந்த தைவான் வீரர் மக்காலு காவ் என்பார்க்கு முதலிடத்தை விட்டுக்கொடுத்தார். விமானி காவைக் கொண்டுசேர்த்துவிட்டு, மீண்டும் வந்து வெதர்ஸையும் மீட்டார்.

ஓருயிருக்கு மட்டுமே இடமுள்ள ஊர்தி அது. அதில் படமெடுப்பவர் ஒருவரும் ஏறியிருந்தால், எந்த உயிரை இறக்கிவிட்டு அவரை ஏற்றியிருப்பர்? கேமராவின் விலை என்ன என்பதை மலை இவ்வாறு எடைபோட்டே காட்டிவிடுகின்றது.

எடை குறைந்தது, சுமை குறையவில்லை

இன்று கருவிகள் சுருங்கிவிட்டன. தலைக்கவசத்திலும் ஊர்தியின் முகப்பிலும் உள்ளங்கையளவு கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. ஆதலால் மலைமீட்புப் பணிகளை மெய்நிகழ்வுத் தொடர்களாக்கி, அதாவது இளைஞர் கூறும் 'ரியாலிட்டி' நிகழ்ச்சிகளாக்கி, ஒளிபரப்புவது எளிதாகிவிட்டது. சுவிட்சர்லாந்தில் மேட்டர்ஹார்ன் சிகரத்தைச் சூழ்ந்து பணியாற்றும் ஏர் செர்மாட் நிறுவனத்தின் மீட்புப் பணிகள் 2016இல் ஒரு தொடராயின. எவரெஸ்ட் பகுதியில் பறக்கும் ஹெலிகாப்டர் விமானிகளைப் பற்றிய தொடரொன்றை டிஸ்கவரி நிறுவனம் 2017இல் வெளியிட்டது. இத்தொடர்களில் எவரும் இசைவின்றிக் காட்டப்பட்டனர் என்று யாம் குற்றஞ்சாட்ட முற்படவில்லை. விமானிகளின் வீரம் போற்றத்தக்கது என்பதை மறுப்பாரும் இலர். எம் கவலையெல்லாம், அப்படச்சட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் மனிதரைப் பற்றியதே.

சித்திரக்கதைகளை மீண்டும் நினைவுகூர்க. மீட்கும் வீரனுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, ஆடையின் நிறங்கூட உண்டு. மீட்கப்படுபவர்க்கோ பெரும்பாலும் எதுவுமில்லை. ஓர் அலறல், ஒரு கையசைப்பு, பின்பு ஒரு நன்றி, அவ்வளவே. கதையில் இது பொறுக்கத்தக்கது. வாழ்க்கையில் மீட்கப்படுபவர்க்குத் தாய் உண்டு, மக்கள் உண்டு, நாளை ஊரார் முகத்தில் விழிக்கவேண்டிய கட்டாயமும் உண்டு.

மலையுச்சியில் ஒரு விடியல்

2006ஆம் ஆண்டு மே திங்கள் 26ஆம் நாள் காலை, எவரெஸ்டின் வடகிழக்கு முகட்டில் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரத்தில், ஆஸ்திரேலிய மலையேற்ற வீரர் லிங்கன் ஹால் அமர்ந்திருந்தார். முந்தைய நாள் மாலை அவர் இறந்துவிட்டதாகவே கருதப்பட்டுக் கைவிடப்பட்டிருந்தார். அவ்வழியே ஏறிவந்த டான் மேஸூர் என்பாரின் சிறு குழுவினர் அவரைக் கண்டனர். தலையில் தொப்பி இல்லை; கைகளில் உறைகள் இல்லை; குளிர்காக்கும் மேலுடை இடுப்புவரை திறந்து கிடந்தது. கடுங்குளிர் உடலை வெல்லும் இறுதிக் கட்டத்தில், சுருங்கியிருந்த குருதிக்குழாய்கள் தளர்ந்து தோலை நோக்கிக் குருதி பாயும்; அப்போது உடல் எரிவதாகத் தோன்றும்; அறிவு கலங்கிய மனிதர் தம் ஆடைகளைத் தாமே களைவர் என்று மருத்துவ நூலார் கூறுவர்.

சிகரம் எட்டும் தொலைவில் இருந்தும் மேஸூரும் அவருடன் வந்தோரும் அங்கேயே நின்றுவிட்டனர். பெருஞ்செலவும் பேருழைப்பும் கொண்ட தம் பயணத்தின் பயனை அவ்விடத்தே துறந்து, ஹாலுக்கு உயிர்க்காற்றும் நீரும் தந்து காத்தனர். பின்னர் ஷெர்ப்பாக்கள் அவரைக் கீழே கொண்டுவந்தனர். அங்கே பறந்துவந்த வீரன் எவனும் இல்லை. நடந்துகொண்டிருந்தவர் நின்றதே அங்கு வீரம்!

ஹால் உயிர்பிழைத்து, அடுத்த ஆண்டில் தம் கதையைத் தாமே நூலாக எழுதினார். ஆடை நெகிழ்ந்து, அறிவு கலங்கி இருந்த தம் நிலையை உலகுக்கு உரைப்பதா, மறைப்பதா என்று முடிவுசெய்யும் உரிமை அவருக்கே உரியது. உயிரைத் திருப்பித் தந்தவர்கள் அவ்வுரிமையையும் சேர்த்தே தந்தனர். யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விழைவதும் இஃதொன்றே: மீட்கப்பட்டவரின் துன்பம் மீட்டவரின் உடைமை ஆகாது, அருகில் நின்று படமெடுத்தவரின் உடைமை ஒருபோதும் ஆகாது.

நீதிமன்றம் கண்ட நெறி

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. சட்டமும் இதனை எண்ணிப்பார்த்துள்ளது. 1990ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கலிபோர்னியாவில் ஒரு கார் நெடுஞ்சாலையை விட்டு உருண்டு பள்ளத்தில் கவிழ்ந்தது. அதில் சிக்கிய பெண்மணியை மீட்க மருத்துவ ஹெலிகாப்டர் வந்தது. உடன் வந்த செவிலியரின் ஆடையில் தொலைக்காட்சியாரின் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்தது. படமெடுப்பவரும் ஹெலிகாப்டரில் ஏறிக்கொண்டார். வலியின் உச்சத்தில் அப்பெண்மணி செவிலியரிடம் கூறிய சொற்கள் பதிவாகி, சில திங்களில் ஒளிபரப்பாயின. இனி நடக்க இயலாது என்ற நிலையில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த அவர், தம் துன்பத்தைத் தாமே தொலைக்காட்சியில் கண்டு திடுக்கிட்டார். அச்சொற்கள் யாவை என்பதை ஈண்டு எடுத்தெழுத யாம் விரும்பவில்லை. அவை நமக்காகச் சொல்லப்பட்டவை அல்ல.

அவ்வழக்கில் 1998இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை வழங்கியது. விபத்தும் மீட்பும் மக்கள் அறியவேண்டிய செய்திகளே. ஆதலால் ஒளிபரப்பியதைக் குற்றமெனக் கொள்ள இயலாது என்றது நீதிமன்றம். ஆயின், ஹெலிகாப்டருக்குள் நுழைந்து படமெடுத்ததும், நோயாளியும் செவிலியரும் பேசியதை ஒட்டுக்கேட்டுப் பதிந்ததும் அத்துமீறல் ஆகுமா என்பதை நடுவர் குழு ஆராயலாம் என்றும் தீர்ப்பளித்தது. செய்திக்கு உள்ள உரிமையையும் நோயாளிக்கு உள்ள தனிமையையும் ஒரே தராசில் நிறுத்த முயன்ற தீர்ப்பு அது. ஊர்தி வானில் பறந்தாலும் அதன் உட்புறம் நோயாளியின் அறையே என்னும் உண்மை அதனால் தெளிவாகின்றது.

'முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதாதோ?' என்று வினவுவோர் உளர். நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் 2011இல் இறந்த ஒருவரின் இறுதி நேரம் இசைவின்றிப் படமாக்கப்பட்டு, 2012இல் ஒளிபரப்பாயிற்று. முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது, பெயரும் கூறப்படவில்லை. ஆயினும் தற்செயலாக அதனைக் கண்ட அவர்தம் மனைவி, இறந்துகொண்டிருப்பவர் தம் கணவரே என்று உணர்ந்துகொண்டார். ஊரார்க்கு மறைத்த முகம் உற்றார்க்கு மறையுமோ? அம்மாநிலத்தின் மிகவுயர் நீதிமன்றம், மருத்துவ இரகசியத்தைக் காக்கத் தவறியமைக்காக மருத்துவமனைமீதும் மருத்துவர்மீதும் வழக்கு நடத்தலாம் என 2016இல் கூறியது.

மறுதரப்பின் நியாயம்

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று யாம் கூறமாட்டோம். பிரித்தானிய மலைமீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். மக்கள் தரும் கொடையே அவர்க்கு ஆதாரம். அவர்தம் பணி திரையில் தோன்றினால் கொடை பெருகும் என்பது மெய்யே. மலையின் இடர்களைக் கண்ட இளைஞர் எச்சரிக்கை கொள்வர் என்பதும் மெய்யே. பதிவுகள் இருந்தால் பிழைகளைக் கண்டு திருந்தலாம், புதியவர்க்குப் பயிற்சியும் தரலாம் என்பதும் ஏற்கத்தக்கதே.

ஆயினும் இவற்றுள் எதற்கும் பிறர் துன்பத்தைக் கேளாமல் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பயிற்சிக்கான பதிவு குழுவினரிடமே இருக்கட்டும். கொடை திரட்ட ஒத்திகையைப் படமெடுக்கலாம். ஏரி மாவட்டத்துச் சோதனை உலகையே வியக்கச் செய்ததை மேலே கண்டோம். மெய்யான மீட்பைக் காட்டியே தீரவேண்டுமெனின், மீட்கப்பட்டவர் நலம்பெற்று வீடு திரும்பிய பின்னர் அவரிடம் கேட்கவேண்டும். நிகழ்ச்சியால் ஆதாயம் பெறாத ஒருவர் கேட்கவேண்டும். 'வேண்டாம்' என்று அவர் சொன்னால், காரணம் வினவாமல் பதிவை அழித்துவிடவேண்டும். அவர் இறந்துவிட்டால் குடும்பத்தாரின் சொல்லே முடிவாக வேண்டும். உயிர்க்காற்றுக் குறைவால் அறிவு மங்கிக் கிடப்பவர் மலைமேல் தலையசைப்பது இசைவு ஆகாது. தம்மைக் காக்க வந்தவரிடம் 'முடியாது' என்று சொல்லும் துணிவு எவர்க்கு வரும்?

கையின் அறம்

நட்பின் இலக்கணத்தை உணர்த்த வந்த வள்ளுவப் பெருந்தகை, அணிந்த ஆடை நெகிழும்போது எவரும் ஏவாமலே விரைந்து உதவும் கையை உவமையாக்கினார். அவ்வுவமையில் நாம் பெரும்பாலும் விரைவையே எடுத்துப் பேசுகின்றோம். யாம் அதில் இன்னொன்றையும் காண்கிறோம். அக்கை மானத்தை மறைக்கவே விரைகின்றது; ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு அன்று. உதவி என்பது துன்பத்தை நீக்குவது மட்டுமன்று, துன்புற்ற நிலையை மூடிக்காப்பதும் ஆகும் என்பதை அவ்வொரு கை நமக்குக் கற்பித்துவிடுகின்றது. 8,600 மீட்டர் உயரத்தில் மேலுடை நெகிழ்ந்து அமர்ந்திருந்தவர்முன் நின்றவர்கள் செய்ததும் அக்கையின் தொழிலே அன்றோ!

மாணவச் செல்வங்களே! நீவிர் மேட்டர்ஹார்னுக்கும் எவரெஸ்டுக்கும் செல்லாமல் இருக்கலாம். ஜெட் பொறி பூட்டிப் பறக்காமலும் இருக்கலாம். ஆனால் உம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இன்று ஒரு கேமரா உள்ளது. சாலையோரத்தில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது, உம் கை எதனை நோக்கி முதலில் செல்லும் என்பதை இன்றே முடிவுசெய்துகொள்க. அந்நேரத்தில் முடிவுசெய்ய நேரம் இராது. பறக்கும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. விழுந்தவரைத் தூக்கி, அவர் ஆடையைச் சரிசெய்து, கண்டதை வெளியில் சொல்லாமல் வீடு திரும்பும் ஆற்றல் நம் அனைவர்க்கும் உண்டு. அதனினும் பெரிய வீரத்தை எந்தச் சித்திரக்கதையிலும் யாம் கண்டதில்லை.