அடிமுத்திரையும் தூரிகையும்

பழைய ஜப்பானியப் பீங்கான் சாடி ஒன்று விற்பனைக்கு வந்தால், சேகரிப்பாளர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கிறார். அடியில் 'நிப்பான்' என்றிருந்தால் பெரும்பாலும் விலை ஏறுகிறது; 'ஜப்பான்' என்றிருந்தால் இறங்குகிறது. மேலே தீட்டியிருக்கும் ஓவியத்தின் முறை அதன் பிறகே வருகிறது. இவ்வழக்கம் மாற வேண்டும்.

அம்முத்திரை பிறந்தது ஓவியக்கூடத்தில் அன்று, சுங்கச் சாவடியில். அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சட்டம் விதித்தது. ஜப்பானியர் தம் நாட்டைத் தாம் அழைக்கும் பெயரையே பொறித்தனர். 1921இல் 'நிப்பான்' செல்லாது, 'ஜப்பான்' என்றே எழுத வேண்டும் என அமெரிக்கச் சுங்கத்துறை பணித்தது. அவ்வாண்டில் எந்த ஓவியரின் கையும் திடீரெனத் தளர்ந்துவிடவில்லை.

முத்திரை காலத்தைக் கணிக்க உதவும் என்பர். உண்மையே. ஆனால் ஒரு கலத்தில் போலி செய்ய மிக எளிதானதும் அதுவே. போலி 'நிப்பான்' முத்திரையுடன் புதிய கலங்கள் சந்தைக்கு வந்ததைச் சேகரிப்பாளர் அறிவர். 'சத்சுமா' கலங்களின் நிலையும் இதுதான். வட்டத்துக்குள் சிலுவை வடிவிலான ஷிமாசு குலச்சின்னம், சத்சுமா மண்ணையே காணாத கலங்களிலும் காணப்படுகிறது. அப்பெயரில் ஏற்றுமதியானவற்றுள் பல கியோத்தோ, ஒசாகா, யோக்கோஹாமா நகரங்களில் உருவானவை. சத்சுமா மரபைத் தொடங்கியவர்களோ, 1592 முதல் 1598 வரை நடந்த படையெடுப்பின்போது கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள். அவர்களது வரலாற்றை எந்த அடிமுத்திரையும் சொல்வதில்லை.

ஓவியம் கூடுதலாகச் சொல்லும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒரே அளவான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. கையால் தீட்டிய இதழ்களில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. வண்ணம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் நிற்கும். மெருகின்மேல் தீட்டிச் சுட்ட வண்ணத்தின் மேடு பல வேளைகளில் விரலுக்குத் தட்டுப்படும். கைப்பிடியிலும் விளிம்பிலும் பொன்பூச்சு தேய்ந்திருப்பது பழக்கத்தின் தடம். கைக்கும் அச்சுக்கும் இடையிலான எல்லையும் எளிதன்று. ஒசாகாவின் யாபு மெய்சான் பட்டறையில் செப்புத்தகட்டால் புறக்கோடுகளைப் பதித்து, வண்ணத்தைக் கையால் நிரப்பினர். அதனால் அக்கலங்களின் நுண்மை குறைந்துவிடவில்லை.

ஏற்றுமதிக் கலங்களைத் தீட்டியவர்களில் மிகப் பலர் பெயர் அறியப்படாதவர்கள். 'கையால் தீட்டப்பட்டது' என்று நிறுவனம் முத்திரையிட்டது. எவர் கையால் என்பதை எழுதவில்லை. அக்கைகளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம் அவை விட்டுச்சென்ற தூரிகைக் கோடுகளே. முத்திரையைப் பார்த்து மட்டுமே விலைபேசும் சேகரிப்பு, அந்த ஆவணத்தைப் படிக்காமலே அலமாரியில் பூட்டுகிறது. சாடியை நிமிர்த்தி வைத்து நெடுநேரம் பார்த்தபின் கவிழ்த்துப் பார்ப்பதே முறை.