நேரான சாலைதான் ஆளை விழுங்குகிறது

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவனின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்தேன். நான்குவழிச் சாலை, விடியற்காலை நான்கு மணி. ஓரத்தில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் கார் மோதிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: "ரோடு நூல் பிடிச்ச மாதிரி இருக்கு சார். விதி, வேறென்ன?"

விதி இல்லை. கணக்கு.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டி ஓட்டும்போது யாருக்காவது தூக்கம் வருகிறதா? போனைத் தொடுகிறோமா? பயம் நம்மை விழிக்க வைக்கிறது. நேர்சாலையில் கைக்கும் காலுக்கும் வேலையில்லை. கண் திறந்திருக்கும், மூளை உறங்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, நாட்டில் நூற்றுக்கு 67 விபத்துகள் நேரான சாலையில்தான். "நேரான சாலைதானே சார் அதிகம்?" என்பீர்கள். உண்மை. ஆனால் நேர்சாலை என்றால் பத்திரம் என்ற நினைப்பை உடைக்க இது போதாதா?

100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடும். இரண்டு நொடி கண் அசந்தால் 56 மீட்டர் தூரம் ஓட்ட ஆளில்லாத கார். வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. பள்ளியில் படித்ததுதான், பரீட்சையோடு மறந்துவிட்டோம்.

இருட்டில் விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் லாரியை நிறுத்தியவரும் குற்றவாளிதான். அவர் மீது வழக்கு நடக்கட்டும். ஆனால் நம் குற்றத்தையும் பேச வேண்டும்.

"சென்னையிலிருந்து நாலரை மணி நேரத்துல வந்துட்டேன்" என்று குடும்பக் குழுவில் ஒருவர் போட்டால் கட்டைவிரல் தூக்குகிறோம். நானும் தூக்கியிருக்கிறேன். மகன் வண்டி ஓட்டி வரும்போது "எங்கப்பா வர்றே?" என்று மூன்று முறை போன் செய்தவனும் நான்தான். அவன் எடுத்துப் பேசினான். அன்று ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வாத்தியாராகக் கண்டிப்புடன் சொல்கிறேன். ராத்திரி முழுக்க ஓட்டி வராதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி டீ குடியுங்கள். தூக்கம் வந்தால் பெட்ரோல் பங்கில் நிறுத்தித் தூங்குங்கள். பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் போன் செய்யாதீர்கள்.

தாமதமாக வாருங்கள். சோறு ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம்.