மாற்றுச் சிகிச்சைக்குப் பின் முதல் 100 நாட்கள்

தலசீமியா, இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றால் வாடும் குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை புதுவாழ்வு அளிக்கவல்லது. 1983-ஆம் ஆண்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இது நம் நாட்டில் முதன்முதலாகக் கையாளப்பட்டது.

எனினும், புதிய செல்கள் வேரூன்றியதும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது. வைரஸ்களை அடக்கும் டி-செல்கள் மீண்டும் வலிமை பெறப் பல மாதங்கள் ஆகும். இவ்விடைவெளியில், சிறப்பாக முதல் 100 நாட்களில், உடலில் உறங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் விழித்தெழுந்து நுரையீரலையும் குடலையும் தாக்கக்கூடும். அடினோ வைரஸும் பெரியவர்களைவிடக் குழந்தைகளையே மிகுதியாகத் துன்புறுத்துகிறது.

நோய்க்குறி தோன்றும்வரை காத்திருத்தல் தவறு. வாரந்தோறும் இரத்தத்தைப் பி.சி.ஆர். முறையில் சோதித்தால், சைட்டோமெகலோ வைரஸின் பெருக்கம் முன்னரே புலப்படும். உடனே கான்சிக்ளோவிர் மருந்தைத் தொடங்கலாம். அது வெள்ளணுக்களைக் குறைக்கக் கூடியதாதலின், அவற்றின் எண்ணிக்கையையும் கவனித்துவருதல் வேண்டும்.

ஆகவே, சிகிச்சைக்கென வழங்கப்படும் உதவி மருத்துவமனை வாயிலோடு நின்றுவிடலாகாது. வாராந்தரச் சோதனை, மருந்து, வெளியூர்ப் பெற்றோரின் தங்குமிடம் ஆகிய செலவுகளும் தொடக்கத்திலேயே அதில் அடங்குதல் வேண்டும். புதிய செல்களைப் பெற்ற குழந்தையை ஒரு சோதனைக்குப் பணமின்றி இழப்பது நாட்டிற்கு அழகன்று.