விலக்கு ஒரு புல எண்ணோடு முடிவதில்லை

சில ஆண்டுகளுக்கு முன் திருப்போரூர் வட்டத்தில் ஒரு மனைப்பிரிவுக்காக, நில உபயோக மாற்றக் கோப்போடு கள ஆய்வுக்குப் போயிருந்தேன். மே மாத வெயில். புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஓடிய வாய்க்கால், தரையில் முழங்கால் ஆழப் பள்ளமாக, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. வாய்க்கால் மனையைத் தொடவில்லை, எல்லை ஓரமாகவே செல்கிறது என்று குறிப்பெழுதினேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. நவம்பரில் அதே சாலையில் போனபோது மேல் ஏரியின் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. மனைகளுக்கு மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். இறங்க இடமில்லாத தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்பி, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத நாற்றின் தலைக்கு மேல் நின்றது. அந்த வயல் என் கோப்பில் இல்லை. அதற்கு வேறு புல எண்.

அந்தக் குறிப்பை இன்று எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதன் எல்லைக் கல்லுக்குள் நின்றே தீர்த்துவைக்க நகரமைப்பாளர்கள் நாம் எல்லோரும் பழகிவிட்டோம். செங்கல்பட்டுச் சீமையின் ஏரிகளோ ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிபவை. தையூர், சிறுதாவூர் பக்கத்து மழைநீர் கோவளம் கழிமுகத்தைத் தேடிப் போக வேண்டும். வழியில் பத்து கோப்புகளில் பத்து அதிகாரிகள் தனித்தனியே நியாயமாக அனுமதித்த பத்து மாற்றங்கள் சேர்ந்தால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது. அதன் காலம் 2026 வரை. பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்கள் பலவற்றுக்கு இது பெரிய மாற்றம். விரிந்த பகுதிக்கான புதிய திட்டம் முழுமையாகும் முன்பே, விதிகளிலிருந்து அரசு தரும் விலக்குகள் வழியாக அந்த ஊர்களின் நில உபயோகம் தீர்மானமாகிவிடக்கூடும் என்பதே என் அச்சம்.

விலக்களிக்கும் அதிகாரத்தைக் குறை சொல்ல வரவில்லை. அதைத் தரும் 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு செல்லும் என்று 2000-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. அதே தீர்ப்பில், அந்தப் பிரிவின்கீழ் அரசு பிறப்பித்திருந்த 62 விலக்கு ஆணைகளை ரத்தும் செய்தது. ஏன் விலக்கு என்பதற்கு அந்த ஆணைகளில் உருப்படியான காரணம் இல்லை. இளைய நகரமைப்பாளர்கள் இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். விதியை மீறிய அனுமதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொச்சிக்கு அருகில் மரடு காட்டியது. கடலோர ஒழுங்குமுறையை மீறி உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதியை நம்பி வீடு வாங்கியவர்கள், 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடித் தொகுப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைப் பார்த்து நின்றார்கள்.

மாமல்லபுரத்துக்குள் வந்தால் கதை தலைகீழ். தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். சின்னங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் இந்த வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உள்ளே உளிச் சத்தம் கேட்கும் வீடுகள். மகனுக்குக் கல்யாணம் ஆனது, ஓர் அறை கூட்ட வேண்டும் என்று சிற்பி ஒருவர் வந்தால் கைவிரிக்க வேண்டியிருக்கிறது. ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கக்கூட அனுமதிக்கு எழுத வேண்டும். கடலோரக் குப்பத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வேறு. பல ஏக்கர் மனைப்பிரிவுக்கு ஆலோசகர், வரைபடம், வழக்கறிஞர் எல்லாம் உண்டு. இவர்களுக்கு ஒரு வெள்ளைத்தாளும் நாமும்தான். நூறு மீட்டர் விதி வேண்டும். அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் சின்னம் ஒவ்வொன்றுக்கும் தனித் துணைவிதி எழுத அந்தத் திருத்தமே வழி வைத்திருக்கிறது. அதில் உள்ளூர் வீட்டின் உயரம், பழுதுபார்ப்பு, கழிப்பறை பற்றித் தெளிவான வரிகள் இடம்பெற நம் தொழில் அறிவு பயன்பட வேண்டும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளை நம் மேசையிலிருந்து எடுத்துவிட்டது. நல்லது. அந்த நேரத்தை நில உபயோக மாற்றக் கோப்புகளுக்குக் கொடுப்போம். 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் இந்தச் சீமையை அளந்தபோது, விளைநிலத்தோடு ஏரி, தோப்பு, காடு எல்லாவற்றையும் ஊர்க்கணக்காகவே சேர்த்து வைத்தார். நாமும் ஊருக்கு ஒரு வரைபடம் வைக்கலாம். ஏரி, மதகு, கலங்கல், வாய்க்கால் எல்லாம் நீலத்தில். இதுவரை அனுமதித்த ஒவ்வொரு மாற்றமும் சிவப்பில். புதிய கோப்போடு அந்தத் தாளின் நகல் இல்லையென்றால் தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பக் கூடாது. பெருநகரப் பகுதியில் ஆட்சேபம் கேட்டு நாளிதழில் வரும் 21 நாள் அறிவிப்பை ரேஷன் கடைச் சுவரிலும் ஏரிக்கரையிலும் ஒட்டலாம். பாதிக்கப்படும் ஆயக்கட்டுக்காரர் பார்க்கும் இடம் அதுதான். கள ஆய்வு கோடையில் முடிந்திருந்தால், ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.