சிறு கலாசாலையின் பெரிய வாத்தியார்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சாதாரணமாக அறப்பளீசுவரரைத் தரிசிப்பார்கள். ஆகாய கங்கையில் நனைவார்கள். அன்னாசிப் பழமும் மிளகும் வாங்கிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் தலை சுற்றிக் கீழே வந்து சேருவார்கள். நாமும் அவ்விதமே வந்து சேர்ந்திருப்போம். ஆனால் எடப்புளி நாட்டில் ஒரு பந்து உருண்டு வந்து நம் காலடியில் நின்றுவிட்டது.

பந்தைத் துரத்திக்கொண்டு ஏழெட்டுப் பையன்கள் ஓடி வந்தார்கள். மலைமேல் சமதரையாக ஒரு மைதானம் வாய்ப்பது அருமை. ஒரு பக்கம் மேடு. மறு பக்கம் சரிவு. பந்து சரிவில் இறங்கிவிட்டால், அதைத் தேடிப் பிடித்து வருகிற வரையில் ஆட்டம் நிற்க வேண்டியதுதான். பையன்களுக்குப் பின்னால் ஓர் இளைஞர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவரும் அந்த மலையில் பிறந்தவரே. தேகப் பயிற்சிப் பட்டம் பெற்றவர். சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக உத்தியோகம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் போதெல்லாம் இந்தப் பையன்களுக்கு ஆட்டம் கற்பித்து வருகிறார். சம்பளம் கிடையாது. பந்தும் அவர் செலவுதான்.

நாம் பத்திரிகைக்காரர் என்று தெரிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா! டாக்டருக்குப் படித்தவன் டாக்டராகிறான். வக்கீலுக்குப் படித்தவன் வக்கீலாகிறான். விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கப் படித்தவன் கடைசியில் என்ன ஆகிறான்?"

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். மலையை விட்டு இறங்கிய பிறகு அதைப் பற்றி ஆராயத் தொடங்கினோம். அதன் பயனே இந்த வாரக் கட்டுரை.

இந்தக் கேள்விக்குத் திட்டமாகப் பதில் வைத்திருக்கிற தேசம் ஒன்று இருக்கிறது. அது அமெரிக்கா. அங்கே கலாசாலைகளில் ஆடப்படும் கால்பந்து என்பது பெயரளவில்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிர்க்கட்சியார் மேலே விழுந்து அமுக்குவார்கள். சடுகுடுவில் பாடிப் போகிறவன் கையில் ஒரு பந்தையும், தலையில் ஓர் இரும்புச் சட்டியையும் கொடுத்தால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி. இந்த ஆட்டத்தைக் கற்பிக்கிறவனுக்கு அங்கே ஏணி போட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் ஆட்டக்காரன். அப்புறம் மேல்படிப்புப் படித்துக்கொண்டே எடுபிடி வேலை. பிறகு தடுக்கிறவர்களுக்கு மட்டுமோ, பந்து பிடிக்கிறவர்களுக்கு மட்டுமோ வாத்தியார். அதற்கும் மேலே, தாக்கும் அணி முழுவதற்கும் அல்லது காக்கும் அணி முழுவதற்கும் பொறுப்பு. கடைசியாகத் தலைமைப் பயிற்சியாளர் பதவி. ஒவ்வொரு படிக்கும் ஓர் ஊர் மாற வேண்டும். மனைவி மக்களுடன் மூட்டை கட்ட வேண்டும். தலைவர் தோற்று வீட்டுக்குப் போனால், அநேகமாக அவருடைய உதவியாளர்களும் கூடவே போக வேண்டியதுதான்.

பெரிய கலாசாலைகளில் இந்தப் பதவிக்குக் கோடிக் கணக்கில் சம்பளம் உண்டு. சிறிய கலாசாலைகளின் சமாசாரம் வேறு. 'மூன்றாம் பிரிவு' என்று சொல்லப்படும் சிறு கலாசாலைகள் ஏறக்குறைய 240 இந்த ஆட்டத்தை ஆடுகின்றன. விளையாட்டுத் திறமைக்காக மாணவனுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே தலைமைப் பயிற்சியாளர் வீடு வீடாகப் போய்த் தாய் தகப்பன்மாரிடம் பேசி, "உங்கள் பிள்ளையை எங்கள் கலாசாலையில் சேருங்கள், படிப்புக்குப் பணம் நீங்களே கட்டுங்கள், அவன் ஆடட்டும்" என்று சம்மதிக்கச் செய்ய வேண்டும். பட்டம் பெரிது, பரிவாரம் சிறிது. பலர் இதை ஒரு சத்திரமாக எண்ணி, இரவு தங்கிவிட்டுப் பெரிய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை கூற நாம் யார்?

ஆனால் சத்திரத்தையே வீடாக்கிக் கொண்ட ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் ஜான் கலார்டி. 1943-ல், கொலராடோ மாகாணத்தில் டிரினிடாட் என்னும் ஊரில் அவர் பள்ளி மாணவர். வாத்தியார் யுத்தத்துக்குப் போய்விட்டார். ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று பேச்சு எழுந்தது. பதினாறு வயதுக் கலார்டி, "நான் நடத்துகிறேன்" என்று முன்வந்தார். ஆறு வருஷம் பள்ளிப் பையன்களைப் பழக்கினார். அதற்கிடையே தாமும் கலாசாலையில் படித்துத் தேறினார். 1949-ல் மாண்டானாவிலுள்ள கரோல் என்னும் சிறு கலாசாலையில் தலைமைப் பதவி. 1953-ல் மினசோட்டாவில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் கலாசாலை. அங்கே போனவர், போனவர்தான். 2012 வரையில் அறுபது வருஷம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மொத்தம் 489 வெற்றிகள். கலாசாலைக் கால்பந்தில் பெரிய கலாசாலை, சிறிய கலாசாலை என்ற பேதமின்றி எவரும் எட்டாத கணக்கு அது. தேசிய வெற்றி நான்கு தடவை. 2018-ல், 91-ஆவது வயதில் காலமானார்.

அவர் பயிற்சி தந்த முறையைக் கேட்டால் நம் ஊர் டிரில் மாஸ்டர் மூர்ச்சை போட்டு விழுவார். ஊதல் கிடையாது. தண்டனை ஓட்டம் கிடையாது. பயிற்சியின்போது ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அமுக்கவும் கூடாது; போட்டிக்கு முன்பே கை கால் முறிவானேன் என்பது அவர் கட்சி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு நாளும் பயிற்சி நீடிக்காது. 'கோச்' என்று யாரும் அவரை அழைக்கக் கூடாது. 'ஜான்' என்றே அழைக்க வேண்டும். பேர் சொல்லி அழைப்பது நம் நாட்டு வழக்கத்துக்கு ஒத்து வராது. மற்றவை ஒத்து வருமா என்று யாரேனும் ஒரு தலைமையாசிரியர் சோதித்துப் பார்க்கலாம்.

இந்த அமெரிக்கக் கதைக்கும் எடப்புளி நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. மாஸசூஸெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் ஒரு பயிற்சிக் கலாசாலை வைத்திருந்தார்கள். 1890-ல் அங்கே கால்பந்து அணியை உண்டாக்கியவர் அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். அவருடைய அணியில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் மறு வருஷம் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர். ஸ்டாக் 1892-ல் சிகாகோ சர்வகலாசாலைக்குப் போனார். ஆட்ட வாத்தியாருக்கும் மற்றப் பேராசிரியர்களுக்குச் சமமான அந்தஸ்து அங்கே கிடைத்தது. எழுபது வயதில் ஓய்வு பெறச் சொன்னார்கள். அவர் ஓயவில்லை; ஏணியில் கீழ் நோக்கி இறங்கினார்! கலிபோர்னியாவில் பசிபிக் கலாசாலை என்னும் சிறிய இடத்தில் 1933 முதல் 1946 வரை தலைமைப் பதவி. அப்புறம் பென்ஸில்வேனியாவில் அதைவிடச் சிறிய ஸஸ்குவஹன்னா கலாசாலையில் தம் மகனோடு சேர்ந்து வேலை. 102 வயது வாழ்ந்து 1965-ல் மறைந்தார்.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த மற்றொருவர் ஹாரி குரோ பக். அவர் 1919-ல் சென்னைக்கு வந்தார். 1920-ல் தேகப் பயிற்சி ஆசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படும் அந்த ஸ்தாபனம்தான் இன்று நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. 1943-ல் காலமானார். ஆகவே அமெரிக்கக் கலாசாலையின் ஆட்ட வாத்தியாரும், நம் தமிழ்நாட்டு டிரில் மாஸ்டரும் ஒரே குருகுலத்து வழி வந்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது. அங்கே பேராசிரியர் நாற்காலி கிடைத்தது. இங்கே என்ன கிடைத்தது?

நாம் படித்த பள்ளிக்கூடத்தின் ஞாபகம் வருகிறது. வாரத்தில் இரண்டு தடவை டிரில் வகுப்பு என்று அட்டவணையில் போட்டிருக்கும். ஒன்றைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். மற்றொன்றை, பரீட்சை நெருங்கிவிட்டது என்று ஆங்கில வாத்தியார் எடுத்துக்கொள்வார். டிரில் மாஸ்டருக்கு மிஞ்சியது பிரார்த்தனைக்கு வரிசை நிறுத்துவதும், தாமதமாய் வந்தவர்களைப் பிடிப்பதுமே. அந்த மனிதர் இளமையில் பிரமாதமான ஓட்டக்காரர் என்று அவர் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நம் நாட்டிலும் ஏணி இல்லாமலில்லை. 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிலையம் ஏற்பட்டது. அங்கே பயின்று பயிற்சியாளராகலாம். பட்டம் பெற்றுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகலாம்; கலாசாலையில் 'பிசிகல் டைரக்ட'ராகலாம். விமானப் படையிலிருந்து வந்து பாட்டியாலாவில் பயின்ற ஓ. எம். நம்பியார், கண்ணனூர் விளையாட்டுப் பள்ளியில் பி. டி. உஷாவைக் கண்டெடுத்தார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவற விட்டபோது தேசமே அழுதது. மறு வருஷம், பயிற்சியாளர்களுக்கென்று சர்க்கார் ஏற்படுத்திய துரோணாசாரியர் விருது நம்பியாருக்குக் கிடைத்தது.

அந்த விருதின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. துரோணர் மகா குரு, சந்தேகமில்லை. ஆனால் வேடர் குலத்து ஏகலைவனின் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பிக்கும் ஓர் இளைஞரிடம் போய், "நீரும் ஒரு நாள் துரோணாசாரியர் ஆகலாம்" என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. அதுவும் கொல்லிமலையிலா! ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் புறநானூற்றில் புகழ்கிற வல்வில் ஓரியின் மலை அல்லவா அது? ஆடி மாதத்தில் இன்றும் ஓரிக்கு விழா நடக்கிறது. ஓரிக்கு வில் பிடிக்கக் கற்பித்தவன் யார்? அவனுக்கு ஒரு பாட்டும் கிடையாது, பெயரும் கிடையாது.

பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்ற சிற்றூர் இருக்கிறது. 2016-ல் ரியோ நகரத்துப் பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு அந்த ஊர்ப் பிள்ளை. கால் ஊனமுற்ற சிறுவனை, "உன்னால் தாண்ட முடியும்" என்று முதலில் உற்சாகப்படுத்தியவர் அவர் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். மாரியப்பன் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்த ஆசிரியரின் பெயரை நம் வாசகர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

இத்தனையையும் எழுதி எடப்புளி நாட்டு இளைஞருக்கு ஒரு கடிதம் போட்டோம். கலார்டியின் கதையைச் சற்று விஸ்தாரமாகவே எழுதியிருந்தோம். மலையிலேயே இருந்துவிடும் என்று நாம் யோசனை சொல்லவில்லை. சொல்வதற்கு நமக்கு உரிமையும் இல்லை. சம்பளம் கொடுக்கிறவர்கள் சொல்ல வேண்டிய பேச்சு அது.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. சமவெளியில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறதாம். வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், போகாமல் முடியாது. பந்தையும், காற்றடிக்கும் பம்பையும் பையன்களில் மூத்தவனிடம் கொடுத்திருக்கிறாராம். தாம் இல்லாத நாட்களில் அவனே மற்றவர்களைப் பழக்குகிறானாம். மைதானத்தின் சரிவுப் பக்கம் மூங்கிலால் ஒரு வேலி போட்டிருக்கிறார்களாம். பந்து இப்போதெல்லாம் அவ்வளவாகக் கீழே போவதில்லை என்று எழுதியிருந்தார்.