காரணம் சொல்லாத தீர்வுகள்

கல்லூரித் தமிழ் வகுப்பில் எழுதப்படும் சிக்கல்–தீர்வுக் கட்டுரைக்கு வேலை இரண்டு. எடுத்துக்கொண்ட சிக்கல் கவனிக்கத்தக்கது என்று படிப்பவரை நம்பவைக்க வேண்டும். சொல்லும் தீர்வு நடக்கக்கூடியது என்று ஒப்புக்கொள்ளவும் வைக்க வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது காரண ஆய்வு. மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். சிக்கலை இரண்டு பக்கம் விவரித்துவிட்டு, ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’, ‘மக்களிடம் விழிப்புணர்வு ஏற்பட வேண்டும்’ என்று முடிந்துவிடுகின்றன. யார், எதை, எப்போது செய்வது என்பதற்கு அந்த வரிகளில் விடை இல்லை.

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே பல விடைத்தாள்களில் வரக்கூடிய தீர்வு. ஆனால் தமிழ்நாட்டில் அது 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு உண்மையான கேள்வி கிடைத்துவிடும்: சட்டம் இருந்தும் ஏன் இப்படி?

விடை ஒன்றாக இராது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை குறைந்தது ஒரு காரணம். அதை எந்தச் சட்டமும் மாற்றாது. மொட்டைமாடிக் குழாயில் சருகு அடைத்துக் கிடப்பதும், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கசிவுக் குழியின் மணலும் சல்லியும் சேறு படிந்து இறுகிப்போவதும் வேறு வகைக் காரணங்கள். அவை மனிதர் கைக்கு எட்டுபவை. கட்டுரை பிடித்துக்கொள்ள வேண்டியது இவற்றைத்தான். அப்போது தீர்வும் தானே கூர்மையாகும்: பருவமழை தொடங்கும் முன், ஒவ்வொரு செப்டம்பரிலும், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் குழாயைச் சுத்தம் செய்து குழியைத் தூர்வார வேண்டும், செய்ததை மாநகராட்சி ஊழியர் நேரில் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். கூரையிலிருந்து இறங்கும் நீர் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் தேற்றுமே தவிர ஏரியை நிரப்பாது. இந்த எல்லையைக் கட்டுரையே சொல்லிவிட்டால் வாதம் வலுக்குமே ஒழியக் குறையாது.

மறுப்பை எதிர்கொள்வது அடுத்த படி. பராமரிப்புச் செலவை வாடகைக்கு இருப்பவர் தருவதா, வீட்டுக்காரர் தருவதா? வீடு வீடாகப் பார்க்க ஆள் எங்கே? இக்கேள்விகளை எழுத்தாளரே எழுப்பி விடை தராவிட்டால், படிப்பவர் எழுப்பிக்கொண்டு விடையின்றிப் போவார். வாடகைதாரர் கேள்விக்கு விடை எளிது: குழி கட்டடத்தின் பகுதி, ஆகவே செலவு உரிமையாளருடையது. ஆள் பற்றாக்குறை அவ்வளவு எளிதில் தீராது; முதலில் பெரிய குடியிருப்புகளை மட்டும் பார்ப்பது என்று தீர்வையே சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படிச் சுருக்குவது தோல்வி ஆகாது.

இந்தப் பயிற்சிக்கு மேலைநாட்டுப் பாடநூல்களை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதம், அதாவது ஏழு கொள்கை நிலைகள், என்று தொகுத்தவற்றுள் உடன்படலும் மறுத்தலும் உண்டு. பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைவதும் உண்டு. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அளவையியலை விரித்துச் சொல்கிறது. இவை இலக்கணத் தாளிலும் காப்பியத் தாளிலும் மனப்பாடப் பகுதிகளாகவே நின்றுவிடுவது பெரிய இழப்பு. கட்டுரை வகுப்பில் இவற்றுக்கு இடம் கிடைத்தால், தம் வாதத்தில் ஏது எது, எடுத்துக்காட்டு எது என்று மாணவர்களே பிரித்துப் பார்க்கப் பழகுவார்கள்.

நடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாரை நோக்கி எழுதுகிறோம் என்பது தெளிவானால் நடை பெரும்பாலும் சரியாகிவிடும். மாநகராட்சி ஆணையருக்கு எழுதுவதற்கும் குடியிருப்போர் கூட்டத்துக்கு எழுதுவதற்கும் சான்றுகளே வேறுபடும்.

முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை, மேற்கோள் என்று மதிப்பெண் பிரிக்கும் வழக்கம் இருக்கும்வரை மாணவர்கள் அவற்றையே எழுதுவார்கள். குறை அவர்களுடையது அல்ல. வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்கள் ‘சுற்றுச்சூழல் மாசு’ போன்ற பரந்த தலைப்புகளை விட்டு, ஒரு தெருவின், ஒரு விடுதியின், ஒரு பேருந்துத் தடத்தின் சிக்கலைக் கொடுக்கட்டும். கட்டுரை யாருக்கு எழுதப்படுகிறது என்பதையும் வினாவிலேயே குறிக்கட்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு காரண ஆய்வுக்கும் மறுப்புக்குத் தரும் விடைக்கும் போகட்டும். வரும் பருவத்துக்கான பாடத்திட்டக் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும்.